சீலைக்குள் ஒரு பனிக் காற்சட்டை

தம்பி,

நீ சுகமாகத்தான் இருப்பாய். தனக்கு வேண்டியதை முதலில் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சுகத்தில் என்ன குறை? அதனால் நலம் விசாரிக்கிற வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை நீ மிலானோவில் இருந்து இங்கே பலேர்மோவில் வந்து இறங்குவாய். கல்யாணத்துக்கு முன் எடுக்கிற படத்துக்காக அனுஷியாவை மடோனியே மலைக்குக் கூட்டிப்போய்ப் பனிக்குள் சிவப்புப் பட்டுச் சீலையோடு நிறுத்துவாய். அந்தச் சீலைக்குள் அவள் என்ன போட வேண்டும் என்பதில்தான் உனக்கும் எங்களுக்கும் வழக்கு. இதைப் போனில் சொல்லத் தொடங்கினால், "அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தின் வாயை அப்படி மூட முடியாது என்பதால் எழுதுகிறேன். இப்படிக் கடிதம் எழுதுகிற தாய்மார் நடுவில் தங்கள் பிழைகளையும் ஒப்புக்கொண்டு இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவது வழக்கமாம். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. உன் பிழைக்கே இந்தத் தாள் போதாது.

முதலில் அந்தக் கூத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவிலில் பூசை, மண்டபத்தில் சாப்பாடு, படியில் நின்று ஒரு படம் என்று எங்கள் சனத்தின் கல்யாணங்கள் ஒழுங்காகத்தான் நடந்து வந்தன. இப்போது அதற்கு முன்னால் ஒரு அவுட்டோர் ஷூட்டாம். போன வருடம் ஒரு சோடி துறைமுகத்தில் நாப்போலி போகிற கப்பலுக்கு முன்னால் பூமாலையோடு ஓடினார்கள். மாப்பிள்ளை வழுக்கி விழுந்ததைத் தவிர அதில் பார்க்க ஒன்றுமில்லை. உனக்கு அதுவும் போதவில்லை, பனி வேண்டும். பலேர்மோவில் கொஞ்சம் காற்றடித்தாலே கழுத்து வரை பொத்திக்கொண்டு திரிகிற ஊர்ச்சனத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன் நீ. சின்னதில் குளிக்க வார்க்கிற தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தாலே தெரு கேட்க அழுவாய். அந்த நீதான் ஜெர்மனியில் இருந்து ஒரு கமராக்காரனை வரவழைக்கிறாய். அவன் சொல்லியிருக்கிறானாம்: பெண் பனியில் முழங்காலில் இருக்க வேண்டும், இரண்டு கையாலும் பனியை அள்ளி மேலே எறிந்து சிரிக்க வேண்டும், பிறகு சிரித்துக்கொண்டே மல்லாக்க விழ வேண்டும். அவன் பெற்ற பிள்ளையை ஒருக்கால் அப்படி விழுத்திக் காட்டட்டும், பிறகு பார்க்கலாம்.

அனுஷியா நான் பேசிவைத்த சம்பந்தமில்லை. கோவில் பாட்டுக்குழுவில் நீயே பார்த்து, நீயே கேட்டு, எங்களுக்குக் கடைசியில் அறிவித்த பிள்ளை. வன்னியில் இருந்து சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்த குடும்பம். தகப்பன் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறார், அவள் கால்சாப் பகுதியில் ஒரு வெதுப்பகத்தில் விடியமுன் வேலைக்குப் போகிறாள். மன்னாரில் இருக்கிற உன் மாமாக்கள், "ஆர் ஆக்கள்? எந்தப் பக்கம்?" என்று மூக்கைச் சுளித்தபோது வாயை மூடச் சொன்னவள் நான். உன் வாழ்நாளில் நீ உருப்படியாகத் தெரிவு செய்தது அவளை மட்டும்தான். மற்றதெல்லாம் உன் தலைமயிர் வெட்டு மாதிரித்தான்.

அவள்தான் ஒருநாள் வேலை முடிந்து பாணோடு வந்து மெல்லக் கேட்டாள், "மாமி, பனியிலை முழங்காலிலை இருந்தா ஊறுமோ?" என்று. எனக்கு என்ன தெரியும்? நான் பனியைக் கண்டது வேலைக்குப் போகிற வீட்டுச் சிஞ்ஞோராவின் குளிர்பெட்டியைச் சுரண்டும்போதுதான். வா, போய்க் கேட்போம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய தெருவில் இருக்கிற விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் சிஞ்ஞோராவுக்கு என்ன அளவு?" என்று கேட்டாள். இந்த ஊரில் எங்கள் முகத்தைப் பார்த்தவுடன் இன்னொருத்திக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்குப் பழகிவிட்டது. அனுஷியாவுக்குப் பழகவில்லை. அவள் நிமிர்ந்து நின்று, தனக்குத்தான் என்றும், சீலைக்குள் போடுவதற்கு என்றும், சீலை என்றால் எப்படிக் கட்டுவது என்றும் தன் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் காட்டியே விளங்கப்படுத்தினாள். பனியில் படுத்துப் புரளத் துணிந்த எத்தனையோ விசரர்களை அந்தக் கடைக்காரி கண்டிருப்பாள். பட்டுச் சீலையோடு புரளப் போகிறவளை அன்றுதான் கண்டாள். அதன் பிறகு கதிரை எடுத்துப் போட்டுவிட்டு மரியாதையாகக் கதைத்தாள்.

பெண்களுக்கு நனையாத பனிக் காற்சட்டை தெரிவு செய்வது எப்படி என்று உனக்கும் சொல்லி வைக்கிறேன். நாளைக்குப் பெண்பிள்ளை பெற்றால் உதவும். தண்ணீர் புகாதது வேறு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாங்குவது வேறு. இரண்டாவதைத்தான் பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். உள்ளே இருக்கிற சீட்டில் தண்ணீர் தாங்குகிற அளவு பத்தாயிரம் என்று இருந்தால் பனியில் நிற்கலாம், அதிலேயே குந்தி முழங்காலில் இருக்கிறவளுக்கு இருபதாயிரம் நல்லதாம். துணியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. உள்ளே புரட்டிப் பார்த்தால் தையல்களின் மேல் பட்டி ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் எல்லாத் தையலிலும். அங்கங்கே ஒட்டிவிட்டு நல்ல பெயர் வாங்குகிற காற்சட்டைகளும் இருக்கின்றன, மனிதரைப் போலத்தான். காலடியில் சப்பாத்துக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிற உள்மடிப்பு வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே ஏறும். தோளில் பட்டி போட்டு மாட்டுகிறது சூடாக இருக்கும், ஆனால் சீலைக்கு முன்னால் வயிற்றை மூடிக்கொண்டு நிற்கும். பெண்களுக்கென்று சொல்லி ஆண்களின் காற்சட்டையைச் சுருக்கி ஊதா நிறம் பூசி வைத்திருப்பதை எடுக்கவே கூடாது. இடுப்பில் அகலமும் பின்பக்கம் கொஞ்சம் உயரமும் இருக்க வேண்டும். வாங்கு முன் போட்டுக்கொண்டு குந்தி எழும்பிப் பார்க்க வேண்டும். அனுஷியா கடை நடுவில் குந்தினாள், எழும்பினாள், முழங்காலில் இருந்தாள். பனிச்சறுக்குக் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரிய வீட்டுச் சிஞ்ஞோரா, வருடத்தில் ஒரு கிழமை பனியில் விழுந்தெழும்புவதற்குப் பதினொரு மாதம் கதை சொல்கிற இனம், மூக்குக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

கடைசியில் கறுப்பில் ஒன்று எடுத்தோம். உள்ளே மெல்லிய பஞ்சு, எல்லாத் தையலிலும் பட்டி. "மாமி, இதைப் போட்டுக்கொண்டு பனியிலையே படுத்து நித்திரை கொள்ளலாம் போல கிடக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து அதற்கு மேலே பாவாடையும் சீலையும் கட்டிப் பார்த்தபோது வேறொரு சங்கடம் வந்தது. இடுப்பை இறுக்குகிற ஒட்டுப்பட்டி இருக்கிறதே, கொசுவத்தைச் செருகப் போனால் அது பட்டு நூலைப் பிடித்து இழுத்தது. சீலைக்குள் போடுவார்கள் என்று எந்தக் கம்பனி நினைத்துத் தைத்தது? நானும் அவளும் இருந்து, பழைய தலையணை உறையில் துண்டு வெட்டி ஒட்டுப்பட்டிக்கு மேலே வைத்துத் தைத்தோம். நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வந்தது. படத்தில் சத்தம் வராது என்று சொல்லிச் சிரித்தாள். அன்று அவள் எவ்வளவு சந்தோசமாக இருந்தாள் என்று உனக்குத் தெரியாது. நீ வீடியோவில் வந்தது அதற்குப் பிறகுதான்.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் உன்னைப் போன்றவர்களுக்குத் தாங்கள் சொன்னது சொன்ன உடனே மறந்துபோகும். அவள் சீலையோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "ஐயோ, என்ன இது, யானைக்கால் மாதிரிக் கிடக்கு! இடுப்பு எவ்வளவு பெருசாத் தெரியுது பாரும்" என்றாய். உனக்குப் பின்னால் உன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவள், "ஓம், பாக்கிறன்" என்றாள், அவ்வளவுதான். நான் போனை வாங்கி, "தம்பி, அந்தப் பிள்ளைக்குக் குளிருமடா" என்றேன். "அம்மா, சும்மா கொஞ்ச நேரம்தானே. அவ்வளவு குளிராது" என்றாய். அந்த வாய் மூடுவதற்குள் உன் புத்திசாலித்தனத்தையும் காட்டினாய்: "நான் எனக்கு வெள்ளையிலை ஒண்டு வாங்கீட்டன், வேட்டிக்குள்ளை தெரியாது." அதைத் தூக்கியும் காட்டினாய். வெள்ளைப் பனிக் காற்சட்டை, பட்டு வேட்டிக்குள் போட! ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு குளிராத இடத்துக்கு உனக்கு மட்டும் எதற்கடா பஞ்சு வைத்த காற்சட்டை? வேட்டிக்குள் அதைப் போட்டால் நீ வைக்கோல் அடைத்த பொம்மை போலத்தான் நிற்பாய். ஆனால் மாப்பிள்ளையின் இடுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு உன் பார்சல் வந்தது. நீ இணையத்தில் தேடி அனுப்பிய மெல்லிய, பளபளக்கிற, தோலோடு ஒட்டுகிற காற்சட்டை. கடைக்காரி சொன்ன மாதிரி உள்ளே புரட்டிப் பார்த்தேன். பட்டி என்ற பேச்சே இல்லை. உறையில் இருந்த படத்தில் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு மலையுச்சியில் கோப்பி குடிக்கிறாள். கோப்பி குடிக்க அது போதும். அனுஷியா அதை மடித்துப் பையில் வைத்தாள். "போட்டுப் பாப்பம் மாமி, அவர் ஆசைப்பட்டு அனுப்பினது" என்றாள். அப்படியென்றால் பனியில்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். பலேர்மோவில் பனிக்கு எங்கே போவது? கபோச் சந்தையில் எங்களுக்கு எப்போதும் மீன் தருகிறவனிடம் கூட்டிப்போனேன். சந்தை கலைகிற நேரம், மீன் விற்று முடிந்த தட்டில் நொறுக்கிய ஐஸ் குவிந்து கிடந்தது. அதை நிலத்தில் ஒரு பெட்டிக்குள் கொட்டச் சொன்னேன். உன் காற்சட்டையோடு அவள் அதில் முழங்காலில் இருந்தாள். மீன்காரன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சாந்தா ரோசாலியாவுக்கு நேர்த்திக்கடனோ என்று கேட்டான். எங்கள் சனம் அந்தப் புனிதையின் குகைக்கோவில் இருக்கிற பெல்லெக்ரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதை அவன் கண்டிருக்கிறான். இல்லை, கல்யாணத்துக்கு என்றேன். அதுவும் அதுதான் என்று சொல்லிவிட்டுத் தட்டுக் கழுவப் போனான்.

அவன் தட்டைக் கழுவி முடிக்கவில்லை, அவளுக்கு முழங்கால் இரண்டும் ஊறிவிட்டன. அவள் எழும்பவில்லை. கமராக்காரன் சொன்ன மாதிரி இரண்டு கையாலும் ஐஸை அள்ளி மேலே எறிந்து சிரித்துப் பார்த்தாள். மீன் நாற்றத்துக்கு நடுவே அந்தப் பிள்ளை சிரிக்கப் பழகியதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "எழும்படி பிள்ளை, போதும்" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். மீன்காரனின் கடைக்குப் பின்னால் போய்ப் பையில் இருந்த கறுப்பை மாற்றிக்கொண்டு வந்து அதே ஐஸில் திரும்ப இருந்தாள். அவன் தட்டெல்லாம் அடுக்கி, கடையைப் பூட்டி, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகும் வரைக்கும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "மாமி, எனக்குக் குளிருமெண்டு அவருக்குத் தெரியாமலில்லை. தெரியும். படத்திலை அது தெரியாதெண்டுதான் பேசாமலிருக்கிறார்" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னாள், "நான் கறுப்பைத்தான் போடுவன். சனிக்கிழமை அதைக் கழட்டச் சொன்னா, காற்சட்டையைக் கழட்டமாட்டன் மாமி. அவர் போட்டுவிட்ட மோதிரத்தைக் கழட்டுவன்." அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. பாண் சுடச்சுட இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. போர் முடிந்த இடத்தில் இருந்து நடந்து வந்த பிள்ளை, தம்பி. எதை விட்டுவிட்டு நடக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னைக் கேட்கவில்லை, சொல்லச் சொல்லியும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். உன்மேல் இரக்கப்பட்டு என்று நினைத்துவிடாதே. அவள் எனக்கு மருமகளாக வராமல் போய்விடுவாளோ என்ற என்னுடைய சுயநலத்தில் சொல்கிறேன்.

உனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் அப்பாவின் பக்கம் தள்ளிவிட ஆசைதான், ஆனால் அந்த மனிதனில் இதற்கு இடமில்லை. எங்கள் கல்யாணப் படம் உனக்குத் தெரியும். பலேர்மோக் கோவில் படியில், மழை விட்ட கையோடு எடுத்தது. நான் படியிறங்கும்போது என் செருப்பு வார் அறுந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பா தன் சப்பாத்தைக் கழற்றி என் காலடியில் வைத்தார். படத்தில் என் கூறைக் கரைக்குக் கீழே இரண்டு கறுப்பு முனை தெரியும். அவர் எனக்குப் பின்னால், ஈரக் கல்லில் காலுறையோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். கெட்டிக்காரன் என்று அவரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று தடிமன் பிடித்துக் கல்யாணச் சாப்பாட்டையே ஒழுங்காகச் சாப்பிடாத மனிதன்தான்.

எங்கள் இருபத்தைந்தாவது வருடத்துக்கு நீ அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பரிசு தந்தாய். கொம்பியூட்டரில் திருத்தியிருந்தாய். என் முகத்துக்கு வெள்ளையடித்திருந்தாய், நான் சிஞ்ஞோராவின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தேன். சப்பாத்து இருந்த இடத்தில் தங்க நிறத்தில் செருப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "சப்பாத்து எங்கை?" என்று கேட்டார். "அது வடிவில்லை அப்பா, அழிச்சுப்போட்டன்" என்றாய். அவர், "ஆ, நல்லது ராசா" என்றார். உன் மனம் நோகக்கூடாதாம். எனக்கு நொந்தது. அந்தப் படத்தில் இருந்த ஒரே நல்ல சாமான் அந்தச் சப்பாத்துத்தான். நீ தந்த படம் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. சுவரில் தொங்குவது பழையது. வந்துபோகும்போது நீ அதைக் கவனித்ததேயில்லை.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். மலைக்கு நானும் அப்பாவும் வருகிறோம். வர வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காதே. நான் அதே கடையில் என் அளவில் இன்னொரு கறுப்பு வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவளுக்கு மூன்றடி தள்ளிப் பனியில் நிற்பேன். என்னுடையது உண்மையாகவே யானைக்கால்தான், வேண்டுமானால் அதைப் பார்த்து உன் சிநேகிதர்களோடு சிரி. நீ வாயைத் திறந்து அவளைக் கழற்றச் சொன்னால் நாங்கள் மூன்று பேரும் திரும்பிக் கீழே நடப்போம், எங்களுக்கு ஒன்றும் நனையாது. நீயும் உன் கமராக்காரனும் உன் வெள்ளைக் காற்சட்டையும் அங்கேயே இருந்து பனியை அள்ளி எறிந்து விளையாடலாம்.

நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அந்தப் பிள்ளை சிரிப்பாள். அவள் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன், படத்துக்கு அது போதும். முழங்காலில் இருக்கும்போது சீலை கொஞ்சம் மேலே ஏறும், கரைக்குக் கீழே கறுப்புத் தெரியும். கமராக்காரன், "அதைப் பிறகு அழிக்கலாம்" என்று சொல்வான். அழிக்க வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும், தம்பி. நான் சொல்லமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பாள், அதுவரைக்கும் மோதிரம் கையில்தான் இருக்கும்.

அம்மா